கர்ப்பிணிகளுக்கென்று நாங்கள் செய்த பானம்

மராத்திச் சீமையில் தொழிற்சாலை ஊரான சிஞ்ச்வட்டில் நான் வேலை பார்த்த உணவுக் கம்பெனியின் ஆய்வகத்தில் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பக்கத்துப் பட்டறைகளிலிருந்து இரும்புத் தூசு வந்து மாதிரிகளில் விழுந்துவிடும் என்பது காரணம். அதனால் உள்ளே என்ன நாற்றம் கிளம்பினாலும் அது உள்ளேயே கிடந்து எங்கள் துணியிலும் முடியிலும் ஏறும். சாயங்காலம் லோக்கல் ரயிலில் பக்கத்தில் இருக்கிற பெண் என்னைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாள். மனுஷர் வாயில் வைக்கிற பொருளைச் செய்யும் இடத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

நான் பிறந்து வளர்ந்தது அங்கிருந்து நாலைந்து ரயில் நிலையம் தள்ளியுள்ள கட்கியில். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். தொண்ணூறுகளில் உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்து, முதலில் ஒரு பிஸ்கட் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தேன். அங்கே என் வேலையில் பாதி முகர்வது. டின் டினாக வரும் வனஸ்பதியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு, காறல் அடிக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஐந்து வருஷம் செய்தேன். கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தால்கூட அப்பளம் பொரித்த எண்ணெய் எத்தனாவது தடவை காய்ந்தது என்றுதான் என் புத்தி போகும். சாப்பாட்டின் மேல் இருந்த ஆசையில் பாதி அங்கே போயிற்று. மிச்சம் சிஞ்ச்வட்டில் போயிற்று.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்களில் ‘நானோ’ என்ற சொல் எங்கள் தொழிலுக்குள் நுழைந்தது. எங்கள் மேலாளர் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு அந்தச் சொல்லோடு திரும்பி வந்தார். நாக்பூர்க்காரர், மடிப்புக் கலையாத சட்டை, யாரையும் அதட்டிப் பேசியதே கிடையாது. இனிமேல் நாம் வெறும் ஜூஸ் செய்யப் போவதில்லை என்று எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். கர்ப்பிணிகளுக்கான பானம். ஒரே பாட்டிலில் பால் புரதம், ஆளிவிதை எண்ணெய், கால்சியம், இரும்பு. ஆரஞ்சு வாசனை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் குடித்தால் வேறு மாத்திரை வேண்டாம் என்று சொல்லும்படி இருக்க வேண்டும். பாட்டில் மேல் ஒட்டுகிற படம் எல்லாம் ஏற்கெனவே தயாராகியிருந்தது. வயிற்றில் கை வைத்துச் சிரிக்கிற ஒரு பெண். அந்தச் சிரிப்புக்குள் ஊற்றுவதற்கு ஒரு திரவம்தான் இன்னும் இல்லை. அதைச் செய்வது என் பொறுப்பு.

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் பால் மாதிரி ஒன்றாக நிறுத்த வேண்டுமானால் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளிக்கும் ஒரு சட்டை போட வேண்டும். நாங்கள் போட்ட சட்டை இரண்டு பொருளால் ஆனது. ஒன்று, பனீர் எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரில் இருக்கும் புரதம். இன்னொன்று, ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கிற பெக்டின் என்ற பசை. இரண்டையும் சரியான புளிப்பில் சேர்த்துச் சூடாக்கினால் மிக மிகச் சின்னத் துகள்களாக உருண்டுகொள்ளும். அவைதான் மேலாளரின் நானோ துகள்கள். அவை எண்ணெய்த் துளியைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். எல்லாத் துகளிலும் ஒரே வகை மின்சுமை, எதிர், அதாவது நெகட்டிவ், அதனால் ஒன்றையொன்று தள்ளும். ஒருவரையொருவர் பிடிக்காத ஆட்கள் பஸ்ஸில் விலகி விலகி நிற்பது மாதிரி. அந்தப் பிடிக்காத்தனம் இருக்கிறவரை பானம் வெள்ளையாக, வழவழப்பாக, பார்க்க அழகாக இருக்கும்.

அதில் கால்சியத்தைப் போட்டதும் அழகு போய்விடும்.

கரைந்த கால்சியத்தின் ஒவ்வோர் அயனிக்கும் இரண்டு நேர் மின்சுமை. ஒன்றால் ஒரு துகளையும் மற்றதால் இன்னொரு துகளையும் பிடித்துக்கொள்ளும். சாதா உப்பைப் போட்டுப் பார்த்தால் துகள்களின் விரோதம் கொஞ்சம் மட்டுப்படும், பானம் மெல்லத்தான் கெடும். கால்சியத்திடம் அந்த நிதானம் கிடையாது. ஓர் அளவு வரைக்கும் ஒன்றுமே ஆகாது, துகள்கள் இறுகி முன்னைவிட நன்றாகக்கூட இருக்கும். அதற்கு மேல் ஒரு சிட்டிகை கூடினால் கண்ணெதிரே திரியும். முதலில் பாட்டில் கழுத்தில் ஒரு மஞ்சள் வளையம். பிறகு குழந்தை கக்கிய பால் மாதிரி கட்டி கட்டியாக. இன்னும் கொஞ்சம் கூட்டினால் பெக்டின் கொழகொழத்து, கரண்டியைத் தூக்கும்போது சளி மாதிரி நூலாகத் தொங்கும். நூல் அறுந்து மறுபடி உள்ளே விழுகிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அப்படி ஒரு நாளைக்கு இருபது பீக்கர். ஒவ்வொன்றையும் கலக்கி, படம் எடுத்து, ஒரு வாய் ஊற்றிச் சுழற்றித் துப்ப வேண்டும்.

கண்ணாடிச் சாமான் கழுவ வருகிற மராத்திக்கார அம்மாளை நாங்கள் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். அந்த அம்மாள் புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டுதான் என் பீக்கர்களைத் தொடுவார். ஒரு தடவை மூன்றைத் தேய்த்துவிட்டு நான்காவதை என் மேஜையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். தன் வீட்டு எருமைக்குக்கூட இதை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

நான்கு மாதம் போராடி ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். கொஞ்சம் சிட்ரேட் உப்பு சேர்த்தால் அது கால்சியத்தில் ஒரு பங்கைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சமுள்ள கால்சியம் திரிகிற எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். லேபிளில் போட வேண்டிய அளவும் வந்துவிடும். பானம் ஒரு மாதம் அலமாரியில் அசையாமல் நின்றது. மேலாளர் கை குலுக்கினார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். என் எல்லா மாதிரிகளும் காய்ச்சி வடித்த நீரில் செய்தவை. கம்பெனியின் உற்பத்திக் கூடம் அந்தக் கோடையில் டேங்கர் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டில் அடியில் வெள்ளை ஓடு கட்டுகிற தண்ணீர். அதிலேயே எவ்வளவு கால்சியம் வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம் வருகிற இடங்களில் இது முதலாவது.

அந்தச் சமயத்தில்தான் நான் கர்ப்பமானேன்.

இரண்டாம் மாதத்தில் என் மூக்கு எனக்கே பயமாகிவிட்டது. என் கணவர் மகர்பட்டாவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தார். அவர் படியேறி வரும்போதே மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். அரிசி கொதிக்கிற வாடை ஆகவில்லை. பூண்டு ஆகவில்லை. ஆனால் எதைவிடவும் அந்தப் பானம் ஆகவில்லை. உற்பத்திக் கூடத்தில் செய்த முதல் தொகுதியிலிருந்து வந்து ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்த பாட்டிலை மூன்று வாரம் கழித்துத் திறந்தேன். ஆரஞ்சு வாசனை வந்தது, அதற்கடியில் இன்னொன்று. புதிதாகப் பெயின்ட் அடித்த இரும்புக் கேட்டை வெயிலில் நிறுத்தினால் வருமே, அது. வாய்க்குள் போனதும் துருப்பிடித்த குழாயை நக்கிய மாதிரி. வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டாலே கெடக்கூடியது. பெயின்டில் கலப்பதும் மரச் சாமான்களுக்குப் பூசுவதும் அதைத்தான். நாங்கள் போட்டது கரையக்கூடிய இரும்பு உப்பு. இரும்பு அயனியும் நேர் மின்சுமை உள்ளது. அது போய் எங்கள் அருமையான துகள்களின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அதாவது எண்ணெய்த் துளியின் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு எண்ணெயைக் கெடுக்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். இதை எழுதி எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

அவர் முழுக்கப் படித்தார். பிறகு ஐந்து பேரைக் கூப்பிட்டார். ஐந்து பேரும் ஆண்கள், இரண்டு பேர் புகையிலை போடுகிறவர்கள். எல்லோரும் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். பரவாயில்லை, மருந்து மாதிரி இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு மருந்து மாதிரி இருப்பதுதானே நல்லது என்றார்கள். அவர்கள் போன பிறகு மேலாளர் கதவைச் சாத்திவிட்டு மிகவும் மரியாதையாக ஹிந்தியில் சொன்னார்:

“மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த நிலைமையில உங்க மூக்கை நம்பி நான் ஒரு தயாரிப்பை நிறுத்த முடியாது. எங்க வீட்டுல ரெண்டு பிரசவம் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியும்.”

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். அவர் அக்காவுக்கு மசக்கையில் சந்தன சோப்பு வாடையே ஆகாமல் போனதாம். “உனக்கு இப்ப எல்லாமேதான் நாறுது. நான் பக்கத்துல வந்தாலே மூஞ்ச திருப்பிக்கற,” என்றார். அன்பாகத்தான் சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். பூண்டு கெட்டுப்போகவில்லை, அரிசி கெட்டுப்போகவில்லை, ஆனால் எனக்கு அவையும் நாறத்தான் செய்கின்றன. அப்படியானால் பானமும் சரியாகத்தான் இருக்கலாம். பத்து வருஷம் சோறு போட்ட என் மூக்கை இரண்டு ஆண்கள் சொன்னதற்காக நானே கைவிட்டேன். சுவைச் சோதனை அறிக்கையில் ‘ஏற்கத்தக்கது’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன். என் குமட்டலைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் தேகு ரோடு பக்கத்தில் ஒரு காலனி மண்டபத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவச முகாம் வைத்தார்கள். ஒரு டாக்டரம்மாள் எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, ஆளுக்குப் பத்துப் பாட்டில் கொண்ட ஒரு பெட்டி பானம் கொடுத்து அனுப்பினார். பத்து நாள் கழித்து அதே பெண்களை மறுபடி வரச்சொல்லி, குடித்தது எப்படி இருந்தது என்று கேட்டு படிவம் நிரப்ப வேண்டும். அந்தக் காலனியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. என்னைத் தமிழ் பேசுவதற்காக அனுப்பினார்கள்.

படிவத்தின் மேலேயே அச்சடித்திருந்தது: கர்ப்ப காலத்தில் குமட்டலும் வாந்தியும் இயல்பானவை. அதற்குக் கீழேதான் கேள்விகள் ஆரம்பம். பத்தாம் நாள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சொல்வாள், குடித்தவுடன் வாந்தி வந்தது என்று. டாக்டரம்மாள் தலையாட்டி, அதெல்லாம் அப்படித்தான் இருக்கும் பேட்டா, விடாமல் குடி, குழந்தைக்கு நல்லது என்பார். ‘இயல்பான குமட்டல்’ என்ற கட்டத்தில் டிக் விழும். அடுத்தவள் வருவாள், அவளும் அதையே சொல்வாள், அங்கேயும் டிக். நானும் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு படிவம்கூட எங்கள் பானத்தின் மேல் குறை சொல்ல முடியாத மாதிரி அது அமைக்கப்பட்டிருந்தது. கர்ப்பிணிகளுக்கு எதைக் கொடுத்தாலும் குற்றம் அவர்கள் வயிற்றின் மேல்தான் விழும். இதைவிட வசதியான வாடிக்கையாளர்கள் வேறு யாருக்குக் கிடைப்பார்கள் என்று யோசித்தபோது என் பேனா நின்றது.

என் எதிரே ஒரு தமிழ்ப் பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். பெரிய வயிறு. எத்தனை பாட்டில் குடித்தாய் என்று கேட்டேன். பத்தும் குடித்துவிட்டதாகச் சொன்னாள். அதுவரை யாரும் பத்தையும் குடித்ததாகச் சொல்லவில்லை. குமட்டல் இருந்ததா என்று கேட்டு, கேட்கும்போதே டிக் போடப் போனேன்.

“எனக்கு எட்டு மாசம்க்கா,” என்றாள். “வாந்தியெல்லாம் நாலாம் மாசத்தோட நின்னுபோச்சு. அப்புறம் ஒரு நாள்கூட கிடையாது. இதைக் குடிச்சாத்தான் வருது. டாக்டரம்மா புள்ளைக்கு நல்லதுன்னாங்களேன்னு மூக்கைப் புடிச்சிக்கினு குடிச்சேன். கட்டி கட்டியா வந்துச்சு, சாய் சன்னியில வடிகட்டிக் குடிச்சேன்.”

சன்னி என்றால் அங்கே டீ வடிகட்டி.

அவள் குறையாகச் சொல்லவில்லை. தான் சரியாகக் குடித்தோமா, வடிகட்டியதால் சத்து போயிருக்குமா என்பதுதான் அவள் கவலை. மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் பெட்டியை வேண்டாம் என்று இவளிடம் கொடுத்துவிட்டாளாம், அதில் நாலைந்து இருக்கிறது, இனிமேல்தான் குடிக்கணும் என்றாள். வீடு மண்டபத்துக்குப் பின் சந்தில். கூடப் போனேன்.

ஒற்றை அறை, தகரக் கூரை. பெட்டி அலமாரிக்கு மேலே, கூரைக்கு ஒரு முழம் கீழே இருந்தது. ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கழுத்தில் மஞ்சள் வளையம், கீழே கலங்கிய தண்ணீர், நடுவில் திரிதிரியாகத் தொங்கும் வெள்ளை. நான்கு மாதம் நான் எதைத் தவிர்ப்பதற்குப் பாடுபட்டேனோ அதுவே, லேபிள் ஒட்டி, சிரிக்கிற பெண்ணின் படத்தோடு. மூடியைத் திறந்தேன். அந்தச் சின்ன அறைக்குள் பெயின்ட் கடையே வந்து நின்ற மாதிரி இருந்தது.

வாசலுக்கு வந்து சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். நிற்கவில்லை. அந்தப் பெண் தன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து என் முதுகைத் தடவிவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“உங்களுக்கு எத்தினி மாசம்க்கா?”

“மூணு.”

“அப்ப உங்களுக்கு மசக்கை,” என்றாள்.

“இல்லை,” என்றேன். “இது கெட்டுப்போயிருக்கு. உன்மேல ஒண்ணும் தப்பில்ல. இதை நீ குடிக்கவே கூடாது.”

அவள் என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிதானமாக, “அத முன்னாடியே சொல்லியிருந்தா நான் பத்தையும் குடிச்சிருக்க மாட்டேனேக்கா,” என்றாள். அவள் கேட்டது நியாயம். நான் அதை முன்னாடியே முகர்ந்தவள்.

மிச்சப் பாட்டில்களைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். மண்டபத்துக்குத் திரும்பி, நான் நிரப்பிய படிவங்களில் ‘இயல்பான குமட்டல்’ என்பதையெல்லாம் அடித்துவிட்டு, ஒவ்வொருத்தியையும் மறுபடி கூப்பிட்டு எத்தனாவது மாதம், முன்பு வாந்தி இருந்ததா, என்ன வாசனை என்று கேட்டு எழுதினேன். டாக்டரம்மாளுக்குப் பிடிக்கவில்லை. முகாமின் நேரம் முடிந்துவிட்டது என்றார். பெண்கள் போகவில்லை. பெயின்ட் என்று பதினோரு பேர் தாங்களாகச் சொன்னார்கள். மண்ணெண்ணெய் என்று சிலர். மீன் என்று ஒருத்தி.

மறுநாள் உற்பத்திக் கூடத்தின் தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்துவந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை மேலாளரிடம் கேட்கவில்லை. அதே தண்ணீரில் நான்கு வகை செய்தேன். தாது எதுவும் சேர்க்காதது, கால்சியம் மட்டும், இரும்பு மட்டும், இரண்டும். வெதுவெதுப்பான அலமாரியில் ஒரு வாரம் வைத்தேன். முதலாவது பால் மாதிரியே நின்றது. கால்சியம் போட்டது தண்ணீரிலிருந்த கால்சியத்தோடு சேர்ந்து அந்தச் சூட்டில் எல்லையைத் தாண்டித் திரிந்துவிட்டது. இரும்பு போட்டது பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் லேசாகச் சாம்பல் பாய்ந்து, திறந்தால் அந்த நாற்றம். நான்காவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாவ்ஷி தானாகவே வந்து நான்காவது பாட்டிலுக்கு மேல் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஆய்வகத்தில் நடந்த மாதாந்திரக் கூட்டத்துக்கு இரண்டு இயக்குநர்கள் வந்திருந்தார்கள். என் முறை வந்தபோது நான்கு பாட்டிலையும் மேஜையில் வைத்து, நான்கு நான்கு தம்ளராக ஊற்றி எல்லோர் முன்னாலும் நகர்த்தினேன். மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூத்த இயக்குநர் கையமர்த்திவிட்டு முதலாவதைக் குடித்தார், தலையாட்டினார். இரண்டாவதில் முகம் சுளித்தார். மூன்றாவதை வாயில் வைத்ததும் கைக்குட்டையைத் தேடினார். கிடைப்பதற்குள் சட்டையிலேயே வழிந்துவிட்டது. இது என்ன சனியன் என்று மராத்தியில் கேட்டார். முகாமில் கொடுத்ததில் இருக்கும் இரும்பு இது, நான்காவது தம்ளர்தான் முழுசாக அவர்கள் குடித்தது என்றேன். நான்காவதை யாரும் தொடவில்லை.

மேலாளரும் மூன்றாவதைக் குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விழுங்க முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய், திறக்கக் கூடாது என்ற அந்த ஜன்னலைத் திறந்து வெளியே துப்பினார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உமிழ்நீரும் பானமும் அவர் மோவாயில் நூலாகத் தொங்கியதைப் பார்த்து எனக்கு மறுபடி குமட்டியதுதான் மிச்சம்.

பானத்தை நிறுத்தினார்கள். மிச்சப் பாட்டில்களைத் தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள கழிவுத் தொட்டியில் உடைத்துக் கொட்டினார்கள். மே வெயிலில் ஒரு வாரம் அந்த வளாகமே நாறியது. காவலுக்கு இருந்தவர் வேறு கேட்டுக்கு மாற்றல் கேட்டார். முகாமுக்கு வந்த பெண்களிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். அது தேவையில்லாத பீதியைக் கிளப்பும் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து நானே போனேன். கணவரும் கூட வந்தார். ஆனால் எனக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. கம்பெனி அக்காவே சாக்கடையில் வாந்தி எடுத்தாங்க என்று அந்தப் பெண் சந்து முழுக்கச் சொல்லியிருந்தாள். எல்லோரும் அன்றைக்கே கொட்டிவிட்டார்களாம். நான் எழுதியது, சொன்னது எதைவிடவும் அந்த வாந்திதான் வேலை செய்திருக்கிறது. அவளைப் பார்க்க முடியவில்லை, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். பிறகு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் போனில் சொன்னாள், பெண் குழந்தை, நல்லபடியாக இருக்கிறார்கள் என்று.

கம்பெனியின் இறுதி அறிக்கை என் கைக்கு வந்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். ‘பயனாளிகளின் வாசனை உணர்திறன் மிகைப்பட்டிருந்ததால்’ தயாரிப்பு திரும்பப் பெறப்பட்டது என்று அதில் இருந்தது. மிகைப்பட்டிருந்ததாம். சட்டையில் வழியவிட்ட இயக்குநருக்கு எத்தனாவது மாதம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். பிரசவத்துக்காக விடுவதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதிலும்கூட என் வயிறுதான் காரணமாயிற்று.

மகள் பிறந்து அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தண்ணீரில் கடினத்தன்மை எவ்வளவு என்று பார்க்கிற வேலை. வாயில் எதுவும் வைக்க வேண்டாம். அங்கிருந்து கேம்ப் என்ற பகுதியில் ஒரு ஹோட்டலில் நடந்த உணவுத் துறைக் கருத்தரங்குக்கு அனுப்பினார்கள். நிகழ்ச்சிநிரலில் என் பழைய மேலாளரின் பெயர் இருந்தது. தாது அயனிகள் புரத–பெக்டின் நானோ துகள்களை எப்படிப் பாதிக்கின்றன என்பதுதான் அவர் தலைப்பு.

பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகப் பேசினார். சோடியம் செய்வது என்ன, கால்சியம் செய்வது என்ன, இரும்பு எங்கே போய் ஒட்டுகிறது, எல்லாம் சரியாகச் சொன்னார். ஓரிடத்தில்கூட யார் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லவில்லை, அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடுவில் சபையைச் சிரிக்கவைக்க ஒன்று சொன்னார். ஒரு தடவை கர்ப்பிணிகளை வைத்துச் சுவைச் சோதனை செய்தோம், அந்தத் தப்பை நீங்கள் யாரும் செய்யாதீர்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண்ணும் சிரித்தாள். நான் கையைத் தூக்கினேன். கேள்விக்கு நேரமில்லை, சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார்கள்.

வராந்தாவில் அவர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, நிஜமாகவே. குழந்தை எப்படி இருக்கிறது, என்ன வகுப்பு என்று கேட்டார். அந்தப் பெண்கள் சொன்னது சரி, சார், அவர்கள் மூக்கில் ஒரு கோளாறும் இல்லை, உங்களுக்கே தெரியும், நீங்களும் துப்பினீர்கள் என்றேன். சுற்றி நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. ஆமாம் மேடம், அது ஒரு மோசமான தொகுதி, அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இப்போது எங்கே வேலை பார்க்கிறேன் என்று விசாரித்துவிட்டு, திரும்ப வருகிறீர்களா என்று கேட்டார். புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். முதியவர்களுக்கான பானம். இந்தத் தடவை துத்தநாகம்.

“அதுல ஒரு வசதி இருக்கு மேடம்,” என்றார், ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பை ஒரு ஸ்பூன் வாயில் வைத்துக்கொண்டே. “வயசானவங்களுக்கு வாசனை அவ்வளவா தெரியாது.”

அவர் வாய்க்குள் அந்த வெள்ளை நகர்வது தெரிந்தது. எனக்கு வேலை வேண்டாம் என்று சொன்னேன். அவர் பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, பூரி சூடாக வருகிறது, சாப்பிடாமல் போகாதீர்கள் என்றார். நான் சாப்பிடாமல் படியிறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.